கீழடிக்கும் கீழே

தொல்லியல் தலமான கீழடியின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறையினரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகத்தினரும் மீட்டுருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் வாழ்ந்த அந்த மனிதர்கள் இன்று திருப்புவனம் சந்தையிலோ காரைக்குடிப் பேருந்து நிலையத்திலோ எதிர்ப்பட்டால் யாரும் நின்று திரும்பிப் பார்க்கப்போவதில்லை. தோலின் நிறம், தலைமுடி, விழி ஆகியவை இக்காலத் தென்னிந்தியரை ஒட்டிக் கணித்துச் சேர்க்கப்பட்டவை என்பதால் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நெற்றியின் உயரமும் தாடையின் அமைப்பும் மூளைப்பெட்டியின் வடிவமும் எலும்பே நேரடியாகத் தரும் செய்திகள். அச்செய்திகளின்படி, கொந்தகையின் ஈமத்தாழிக்குள் அடங்கியவருக்கும் இன்று சிவகங்கைச் சீமையில் நடமாடுபவருக்கும் உடலளவில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

தமிழ்ச் சமூகத்தின் எழுத்து, நகரம், கைத்தொழில் ஆகியவற்றின் வரலாற்றில் கீழடியின் ஏறத்தாழ 2,600 ஆண்டுத் தொன்மை மிகப் பெரியது என்றாலும், மனிதப் பரிணாமத்தின் கணக்கில் அது மிக அண்மைக் காலமே. உடலமைப்பில் இக்கால மனிதன் எனத்தக்க உயிரினத்தின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். அதில் கீழடியின் காலம் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்கு முந்தைய நெடுங்காலத்தை அறிய ஆய்வாளர்களிடம் இருப்பவை கல், எலும்பு, மரபணு என்னும் மூன்று வகைச் சான்றுகளே. தமிழ் நிலத்தில் கல் ஏராளம், பழைய எலும்பு மிக அரிது, மரபணுவோ வாழும் ஒவ்வொருவர் உடலிலும் இருக்கிறது. இம்மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை அல்ல என்பதையும், ஒன்றால் சொல்ல இயலாததை மற்றொன்றின் பெயரால் சொல்லும்போதுதான் 'உலகின் முதல் மனிதன் இங்கேதான் பிறந்தான்' என்பது போன்ற முழக்கங்கள் எழுகின்றன என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்' என்று மேடைகளில் சொல்லப்படும் வாசகமும் அத்தகைய ஒரு குழப்பமே. இன்று வாழும் எந்தக் குரங்கும் மனிதனின் மூதாதை அன்று. மனிதனுக்கும் ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிம்பன்சிக்கும் பொதுவான ஒரு மூதாதை இனம் ஏறத்தாழ 60 அல்லது 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, அதிலிருந்து இரு கிளைகள் தனித்தனியே பிரிந்து வளர்ந்தன என்பதே அறிவியலின் கூற்று. ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள் தமக்குள் சிறுசிறு வேறுபாடுகளோடு பிறக்கின்றன. சூழலுக்கு ஏற்ற வேறுபாட்டைப் பெற்றவை கூடுதலான வாரிசுகளை விட்டுச்செல்கின்றன. அவ்வேறுபாடு தலைமுறைதோறும் பெருகிப் பரவுகிறது. சார்லஸ் டார்வின் 1859-இல் முன்வைத்த இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையின் சாரம் இவ்வளவே. இதில் ஏணிப்படி போன்ற ஏற்றமோ முன்கூட்டிய இலக்கோ கிடையாது. இந்தியப் பாடநூல்களில் நெடுங்காலம் மனிதனின் மூதாதையாக இடம்பெற்றிருந்த ராமாபித்திகஸ் என்னும் சிவாலிக் மலைப் புதைபடிவம், பின்னர் முழுமையான முக எலும்புகள் கிடைத்தபோது, இன்றைய ஒராங்குட்டானுக்கு நெருங்கிய சிவாபித்திகஸ் என்னும் வாலில்லாக் குரங்கினத்தில் சேர்க்கப்பட்டு, மனித வரிசையிலிருந்து 1980-களிலேயே நீக்கப்பட்டது. ஆயினும் போட்டித் தேர்வுக் கையேடுகள் சில அதை இன்னும் விட்டபாடில்லை.

மனிதக் கிளையில் முதலில் மாறியது மூளை அன்று, கால். எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் 1974-இல் கண்டெடுக்கப்பட்டு லூசி எனப் பெயர் பெற்ற எலும்புக்கூடு ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகள் பழையது. மூளை சிம்பன்சியின் மூளையைவிட அதிகம் பெரிதில்லை என்றபோதிலும், இடுப்பும் முழங்காலும் அவள் இரு கால்களில் நிமிர்ந்து நடந்தவள் என்பதை ஐயமின்றிக் காட்டுகின்றன. தான்சானியாவின் லயட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்து உறைந்த காலடித் தடங்கள் அதற்கும் முந்தையவை. பெரிய மூளையும், நீண்ட கால்களும், கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய இன்றைய மனிதனைப் போன்ற உடலும் கொண்ட ஹோமோ எரக்டஸ், அதாவது நிமிர்நிலை மனிதன், தோன்றியது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இவ்வினமே ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறி ஆசியாவின் பல பகுதிகளில் பரவியது. தமிழ் நிலத்தின் கதை தொடங்குவதும் அந்தக் காலகட்டத்தில்தான்.

இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செம்மண் சரளைக்கு இடையிலிருந்து, மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றை எடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று பிரிட்டிஷ் அறிஞர்கள் 1859-இல் ஏற்றுக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன; அந்தச் செய்தியைப் படித்திருந்ததால்தான் வேறொருவர் வெறுங்கல்லென்று கடந்து போயிருக்கக்கூடியது ஃபூட்டின் கண்ணில் கருவியாகத் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில், நீர் அரித்த ஓடைகளில் அத்தகைய கருவிகள் குவிந்து கிடப்பதைக் கண்டனர். ஃபூட் பின்னாளில் தெற்கேயும் வந்தார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவரது அறிக்கை 1883-இல் வெளிவந்தது. சிவகங்கை சமஸ்தானம் அன்று மதுரை மாவட்டத்துக்குள் அடங்கியிருந்ததால், இன்றைய செட்டிநாட்டு மண்ணும் அந்த அளவாய்வின் எல்லைக்கு உட்பட்டதே. தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொல்பொருள்களை அவர் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார்.

அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பெரும்பாலானவை கைக்கோடரி எனப்படும் வகையைச் சேர்ந்தவை. பெயரைக் கேட்டுக் காம்பு பொருத்திய கோடரியை நினைத்துக்கொள்ளக்கூடாது. உள்ளங்கையில் அடங்கும்படி, ஒரு முனை கூராகவும் இரு பக்கமும் சமச்சீராகவும் செதுக்கப்பட்ட குவார்ட்சைட் கல் அது. குவார்ட்சைட் என்பது மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி உருமாறிய கடினமான பாறை. இறைச்சி அறுக்க, எலும்பை உடைக்க, கிழங்கு அகழ, மரத்தைச் சீவ என்று பல வேலைகளுக்கும் பயன்பட்ட இக்கருவியை உருவாக்கியவர்கள், கல்லை எடுக்கும்போதே அதற்குள் இருக்கவேண்டிய வடிவத்தை மனத்தில் கண்டிருக்க வேண்டும். எந்தக் கோணத்தில், எவ்வளவு விசையோடு, எந்த வரிசையில் தட்டினால் சில்லு பெயரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மேலும், அத்திரம்பாக்கத்தில் கருவிகளாக மாற்றப்பட்ட பெரிய சில்லுகள் அங்கே பெயர்க்கப்பட்டவை அல்ல. வேறிடத்தில் பாறையிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுவரப்பட்டவை. நாளைய தேவைக்காக இன்று கல் சுமக்கும் மனம் அவர்களுக்கு இருந்தது என்பது, எந்த மண்டையோடும் சொல்லமுடியாத செய்தி.

இவற்றின் வயதை அறிவதுதான் நூறாண்டுக்கும் மேலாகப் பெருஞ்சிக்கலாக இருந்தது. கரியைக் கொண்டு காலம் கணிக்கும் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் பயன்படாது. எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் அங்கே கிடையா. சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே அகழ்ந்து, பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. விண்வெளியிலிருந்து இடையறாது பொழியும் காஸ்மிக் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லில் உள்ள குவார்ட்ஸ் படிகத்தைத் தாக்கும்போது, அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு கதிரியக்க அணுக்கள் சிறிது சிறிதாக உருவாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் கதிர் படுவது நின்றுபோகிறது. புதிய அணுக்கள் உருவாவதில்லை. இருந்தவை சிதையத் தொடங்குகின்றன. அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறையும். பெரிலியம் அதைப்போல இருமடங்கு காலம் எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை அளந்தால், அக்கல் எவ்வளவு காலமாகப் புதைந்து கிடக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

அவ்வாறு அளந்தபோது கிடைத்த சராசரி வயது 15 லட்சம் ஆண்டுகள். முற்றிலும் வேறான ஒரு முறையும் அதற்குத் துணை நின்றது. களிமண் படியும்போது அதிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையை ஒட்டி அமைந்துகொள்கின்றன; அத்திரம்பாக்கத்தின் கீழடுக்குகளில் அத்திசை இன்றைக்கு நேர்மாறாக இருக்கிறது; பூமியின் வடக்கும் தெற்கும் கடைசியாக இடம் மாறியது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பதால், அவ்வடுக்குகள் அதற்கும் முந்தையவை என்பது உறுதியாயிற்று. இந்தியாவில் கைக்கோடரிகள் பெரும்பாலும் 5 அல்லது 6 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்று கருதப்பட்டுவந்த நிலையை இந்த ஒரே ஆய்வு புரட்டிப்போட்டது. கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் 1984-இல் கிடைத்த புகழ்பெற்ற நிமிர்நிலை மனிதச் சிறுவனின் எலும்புக்கூடும் ஏறத்தாழ அதே வயதுடையது. அச்சிறுவன் ஆப்பிரிக்காவில் இறந்த காலத்தை ஒட்டி, கொசஸ்தலைக் கரையில் கைக்கோடரி செதுக்கும் கலை நன்கு ஊன்றியிருந்தது. ஐரோப்பா அக்கலையை அறிந்தது அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான்.

அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகளிலிருந்து 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த இரண்டாம் முடிவு, வியப்பில் முதலாவதற்குக் குறைந்ததன்று; மனிதப் பரிணாமத்தைப் பொறுத்தவரை அதையே கூடுதல் கனமானது என்று சொல்லலாம். அங்கே கிடைத்த 7,200-க்கும் மேற்பட்ட கற்பொருள்களில் பெரிய கைக்கோடரிகள் படிப்படியாகக் குறைந்து, சிறிய, மெல்லிய, முன்கூட்டியே திட்டமிட்டுப் பெயர்க்கப்பட்ட சில்லுக் கருவிகள் மிகுகின்றன. மூலக்கல்லின் மேற்பரப்பை முதலில் சுற்றிலும் செதுக்கி ஆயத்தம் செய்துவிட்டு, கடைசியாக ஒரே தட்டில் வேண்டிய வடிவமுள்ள சில்லைப் பெறுகின்ற லெவல்லுவா முறையும் அவற்றுள் அடங்கும். தொல்லியலார் இதை இடைப் பழங்கற்காலம் என்பர். மணல் துகள் கடைசியாக எப்போது சூரிய ஒளியைக் கண்டது என்பதை அதில் சேர்ந்துள்ள ஆற்றலைக் கொண்டு அளக்கும் ஒளிர்வுக் கணிப்பு முறைப்படி, இம்மாற்றம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. நவீன மனிதன் 1,25,000 ஆண்டுகள் அளவில் இந்தியாவுக்கு வந்தபோது இத்தொழில்நுட்பத்தைக் கையோடு கொண்டுவந்தான் என்ற கருத்தை இது அசைத்துவிட்டது. நவீன மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூட் என்னுமிடத்தில் கிடைத்தவை. அவற்றுக்கே வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆகவே அத்திரம்பாக்கத்துச் சில்லுகளைச் செய்தவர்கள் வேறொரு பழைய மனித இனத்தவராக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இந்த அறிவு இங்கேயே தழைத்ததாகவும் இருக்கலாம்.

அவர்களின் எலும்பு ஒன்றாவது கிடைத்தால் விவாதம் முடிந்துவிடும் என்று தோன்றும். அத்திரம்பாக்கத்தில் சில விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்துள்ளனவேயன்றி மனித எலும்பு கிடைக்கவில்லை. இதற்கு மண்ணே முதற்காரணம். இரும்புச் சத்து ஏறிய செம்மண்ணும், காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல் என்று வழங்கும் சரளைப் பாறையும் அமிலத்தன்மை உடையவை. மழைநீர் அவற்றின் வழியே இறங்கும்போது எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். கல்லுக்கு அந்த அழிவு இல்லை. இந்தியா முழுவதிலும் பழைய மனித இனத்தின் மண்டையோடு என்று சொல்லத்தக்கதாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள ஹத்னோராவில், புவியியல் அளவாய்வுத் துறையின் அருண் சொனாகியா 1982 டிசம்பர் 5 அன்று கண்டெடுத்த மண்டையோட்டு மேற்பகுதி அது. தடித்த புருவ மேடும் பெரிய மூளைப்பெட்டியும் ஒருங்கே கொண்டிருப்பதால், அதை நிமிர்நிலை மனிதன் என்பாரும் உண்டு, நவீன மனிதனுக்கு முந்தைய இடைப்பட்ட இனம் என்பாரும் உண்டு.

எலும்பு கிடைத்துவிட்டால் மட்டும் தெளிவு வந்துவிடுவதுமில்லை. ஆதிச்சநல்லூரில் தொல்லியலார் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த தாழிகளின் மண்டையோடுகளை, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர்கள் நீள அகல விகிதப்படி அளந்து, இந்த மண்டை இந்த இனம், அந்த மண்டை அந்த இனம் என்று வகுத்துக்கொண்டிருந்தனர். மண்டையின் வடிவம் உணவாலும் தட்பவெப்பத்தாலும், ஒரே குடும்பத்துக்குள்ளேகூட, மாறக்கூடியது என்பதால் அந்த வகைப்பாட்டை இன்றைய உடலியல் மானிடவியல் கைவிட்டுவிட்டது. அளவுகோல் துல்லியமாகத்தான் இருந்தது. கேட்ட கேள்விதான் தவறு.

ஆப்பிரிக்காவில் உருவான நவீன மனிதன், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், அங்கிருந்து பலமுறை வெளியேறியிருக்கிறான். இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் பெரும்பான்மை மரபு, ஏறத்தாழ 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பரவலிலிருந்து வந்தது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில், 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் டோபா எரிமலை வெடித்துப் பரப்பிய சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கற்கருவிகள் இருப்பதைத் தொல்லியலார் ரவி கொரிசெட்டரும் மைக்கேல் பெட்ராக்லியாவும் 2007-இல் காட்டினர். அவற்றைச் செய்தவர் நவீன மனிதரா, முந்தைய இனத்தவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், அப்பேரழிவுக்குப் பின்னும் தென்னிந்தியாவில் மனித வாழ்வு தொடர்ந்தது என்பது அதனால் விளங்குகிறது. ஐயத்துக்கு இடமில்லாத சான்று இலங்கையில் கிடைக்கிறது. பாஹியன்கல குகையில் வாழ்ந்த நவீன மனிதர்கள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டின் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடி, எலும்பு அம்புமுனைகளைப் பயன்படுத்தினர். அடர்ந்த மழைக்காடு ஆதிமனிதனுக்கு உகந்த இடமன்று என்ற பழைய எண்ணம் அங்கேதான் அடிபட்டது. தமிழகத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரையின் தேரிக்காடுகளில், செம்மணல் மேடுகளின் நடுவே விரல்நுனி அளவே உள்ள நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. அவை இவற்றுக்கெல்லாம் மிகவும் பிற்பட்டவை.

மூன்றாவது சான்றாகிய மரபணுவில் தமிழர் நடுவே மிகவும் பேசப்பட்டது உசிலம்பட்டியை அடுத்த ஜோதிமாணிக்கம் சிற்றூரின் செய்தி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் சேகரித்த ரத்த மாதிரிகளில், எம்130 எனப்படும் மரபுக்குறி அவ்வூரார் சிலரிடம் இருப்பது தெரியவந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களிடம் அக்குறி மிகுதியாகக் காணப்படுவதால், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதிப் பயணத்தின் சுவடு இது என்று மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் தம் நூலிலும் ஆவணப்படத்திலும் விளக்கினார். இங்கே வந்தபின் அச்செய்தி 'முதல் இந்தியர்', 'உலகின் முதல் மனிதர்' என்றெல்லாம் உருமாறிவிட்டது.

எம்130 என்பது ஒய் குரோமோசோமில் உள்ள ஓர் எழுத்து மாற்றம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். தாயின் தந்தையோ, தந்தையின் தாயோ, அவர்களுக்கு முந்தைய ஆயிரக்கணக்கான முன்னோரோ அதில் இடம்பெறுவதில்லை. செட்டிநாட்டு நகரத்தார் ஒருவரின் கோயில் பிரிவு இளையாற்றங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்பது தந்தைவழியால் மட்டுமே அமைவதைப்போன்றது இது. அச்சமூகத்தின் ஒன்பது கோயில்களில் ஒன்றின் பெயரை அறிவதால் ஒருவரின் தாய்வீட்டாரையும் ஆயாவீட்டாரையும் அறிந்துவிட முடியாது. பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும், வழக்கமுள்ள குடும்பங்களில் ஏட்டிலுள்ள தந்தைவழியும் ரத்தவழித் தந்தைவழியும் வேறாகவும் இருக்கும். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆகவே எம்130 உடையவர் அக்குறி இல்லாத அண்டை வீட்டாரைவிடப் பழையவர் ஆகமாட்டார். இருவரின் மரபும் அதே ஆப்பிரிக்க முன்னோரிடமே சென்று சேர்கிறது. அந்த ஊர் தரும் சான்று மதிப்புமிக்கது. அதன்மேல் ஏற்றப்பட்ட பட்டம்தான் பொருந்தாதது.

இப்படிப்பட்ட ஏற்றங்களுக்கு முன்னோடி குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் லெமூரியா. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகளின் தடயங்கள் இருப்பதை விளக்க, விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் கற்பித்துக்கொண்ட ஒரு மூழ்கிய நிலப்பகுதி அது. ஜெர்மானிய உயிரியலாளர் எர்னஸ்ட் ஹெக்கல் மனித இனம் அங்கே தோன்றியிருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அந்நாளில் ஆப்பிரிக்காவில் ஒரு மனித மூதாதைப் புதைபடிவமும் கிடைத்திருக்கவில்லை. கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் நிறுவப்பட்டதும் லெமூரியாவுக்கு அறிவியலில் வேலை இல்லாமற்போயிற்று. கைக்கெட்டும் தொலைவில் 15 லட்சம் ஆண்டுப் பழைமையுள்ள அத்திரம்பாக்கம் இருக்க, கடலுக்குள் ஒரு கண்டத்தைத் தேடுவது விந்தையே.

முழு மரபணுத்தொகுதியையும் படிக்கும் வசதி வந்தபின் தெரியவந்த படம் வேறு. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2009 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இன்றைய தென்னிந்தியர் எவரும் கலப்பற்ற ஒற்றை மரபினர் அல்லர். இத்துணைக்கண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடி வாழ்ந்த ஆதிக்குடிகள், ஈரானியப் பீடபூமிப் பக்கத்து மக்களோடு தொடர்புடையவர்கள், பிற்காலத்தில் வடமேற்கிலிருந்து வந்த புல்வெளி மேய்ப்பர்கள் ஆகியோரின் மரபுகள் வெவ்வேறு அளவில் பெரும்பாலோரிடம் கலந்திருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்பே, ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய மக்கள், அழிந்துபோன மற்றொரு மனித இனமான நியாண்டர்தால் மனிதரோடு கலந்தனர். அவ்வகையில் வந்த 1 முதல் 2 விழுக்காட்டு மரபணு இன்றும் தமிழர் உடலில் இருக்கிறது. நியாண்டர்தால் மரபணுத்தொகுதியைப் படித்தறிந்து 2022-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே பேபோவும் ஹூகோ செபெர்க்கும், கொரோனா நோயைக் கடுமையாக்கும் மூன்றாம் குரோமோசோமின் ஒரு துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்றும், தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப்பேர் அதைச் சுமக்கின்றனர் என்றும் 2020-இல் காட்டினர்.

கலப்பு என்றென்றும் தொடரவில்லை. வெவ்வேறு மரபினர் பரவலாகக் கலந்த காலம் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்றும், அதன்பின் அகமணம், அதாவது தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம், இறுகிவிட்டது என்றும் 2013-இல் வெளியான கணிப்பு ஒன்று கூறுகிறது. கொந்தகைத் தாழிகளின் காலம் அந்தக் கலப்புக் காலத்துக்குள்ளேயே விழுகிறது என்பதால், அவ்வெலும்புகளின் மரபணு ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு. சிறு எண்ணிக்கையினரிடமிருந்து பெருகி, நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துவரும் குழுக்களில், முன்னோர் ஒருவரின் குறைபாடுள்ள மரபணு தந்தை தாய் இருவர் வழியாகவும் ஒரே குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. தெற்காசியாவில் ஆராயப்பட்ட 263 குழுக்களில் 81 குழுக்களில் இவ்விளைவு மிக வலுவாக இருப்பதாக 2017-இல் வெளியான ஆய்வு கண்டது. செட்டிநாட்டில் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் மணம் கூடாது என்ற பொது விதி தந்தைவழியை ஓரளவு விலக்கி நிறுத்துகிறது. ஆனால் ஒன்பது கோயில்களும் ஒரே சமூகத்துக்குள் அடங்குவதாலும், அத்தை மகள், மாமன் மகள் மணம் தமிழகமெங்கும் உரிமையாகவே கருதப்பட்டு வந்ததாலும், தாய்வழியில் அந்தக் காப்பு இல்லை.

மனிதப் பரிணாமம் முடிந்துபோன நிகழ்ச்சி என்று எண்ணுவதற்கும் இடமில்லை. வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கும் திறனைத் தரும் மரபணு மாற்றம், கால்நடை வளர்த்த மக்களிடையே சில ஆயிரம் ஆண்டுகளில் பரவியது. இந்தியாவில் அது வடமேற்கில் மிகுந்தும் தெற்கே குறைந்தும் காணப்படுகிறது. பாலைத் தயிராகவும் மோராகவும் மாற்றி உண்ணும் தென்னாட்டுப் பழக்கம், நுண்ணுயிர்களைக் கொண்டு பாலின் சர்க்கரையைக் குறைத்துவிடுவதால், அந்த மாற்றம் இல்லாதவர்க்கும் பால் உணவாக உதவுகிறது. இதற்கு நேர்மாறாகத் தீங்கு செய்யும் மாற்றம் ஒன்றும் உண்டு. இதயத்தசையின் புரதம் ஒன்றை உருவாக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றத்தை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணிசெய்த தண்டபாணியும் தங்கராஜும் பிறரும் ஆராய்ந்து, இத்துணைக்கண்ட மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் அதைச் சுமப்பதாக 2009-இல் அறிவித்தனர். அதை உடையவர்க்கு நடுவயதுக்குப் பின் இதயம் செயலிழக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

இவ்வளவு தீங்கான மாற்றத்தை இயற்கைத் தேர்வு ஏன் களையவில்லை என்ற கேள்விக்கு விடை, நோய் வெளிப்படும் அந்த நடுவயதிலேயே இருக்கிறது. இம்மாற்றம் ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகக் கணித்துள்ளனர். வேட்டையாடியும் உழுதும் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் நோய் வெளிப்படும் வயதை எட்டுவதற்குள்ளேயே, பிள்ளைகளைப் பெற்று, அம்மரபணுவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வேறு காரணங்களால் இறந்துபோயினர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் நோய், வாரிசுகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை என்பதால், இயற்கைத் தேர்வின் பிடிக்கு அது அகப்படுவதில்லை. அம்மையும் காலராவும் பஞ்சமும் ஒடுங்கி மனிதர் அறுபது எழுபதைக் கடந்து வாழத் தொடங்கிய கடந்த நூறாண்டில்தான், அந்த 25 எழுத்து இழப்பு மருத்துவமனை வாசல்களில் பரவலாக வெளிப்படத் தொடங்கியது.